நார்வேக்குப் புதிதாக வருபவர்களுக்கு: வணக்கம் சொல்வதிலிருந்து விடைபெறுவது வரை

ஓஸ்லோவிலோ ஸ்டவாங்கரிலோ வேலை கிடைத்துக் கிளம்புபவர்களுக்கும், துணைவருடன் சேர வருபவர்களுக்கும் ஊரில் எல்லோரும் ஒரே ஆறுதலைச் சொல்லி அனுப்புவார்கள்: "அங்கே எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள், கவலைப்படாதே." அது உண்மைதான். ஆனால் அலுவலகத்து மதிய உணவு மேசையிலும், குழந்தையை விடப்போகும் மழலையர் பள்ளி வாசலிலும், மாடிப்படியில் எதிர்ப்படும் கீழ்வீட்டுப் பாட்டியிடமும் அந்த ஆங்கிலம் அரைக்கிணறுதான் தாண்டும்.

நார்வே மொழியில் அன்றாட முகமன் சொற்கள் கொஞ்சம்தான். முனைந்தால் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். எதை எந்த நேரத்தில் சொல்வது, பதிலுக்கு என்ன சொல்வது, எங்கே பேசாமல் இருப்பது என்பதில்தான் தடுமாற்றம். என் முதல் குளிர்காலம் முழுக்க அகராதியைப் புரட்டியும் கடை வாசலில் நாக்கு எழவில்லை. அந்தப் பாட்டைப் பிறரும் படவேண்டாம் என்றுதான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. முதலில் ஒலியைச் சரிசெய்துகொள்ளுங்கள்

கீழே நார்வே சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கிழக்கு நார்வேயில், அதாவது ஓஸ்லோ வட்டாரத்தில், காதில் விழும்படி எழுதியிருக்கிறேன். 'கு' என்று வருமிடத்தில் கங்கை என்பதன் இரண்டாவது ககரத்தைப் போல அழுத்திச் சொல்லுங்கள். 'தூ', 'தாக்', 'தெ' போன்றவற்றில் வரும் தகரம் பந்து என்பதில் ஒலிப்பதைப் போன்றது. 'தக்' என்பதில் வருவது தமிழ்த் தகரமேதான்.

புத்தகத்தில் பார்த்தபடி படித்தால் தவறும். 'நல்ல' என்ற பொருளில் பல முகமன்களின் முன்னால் நிற்கும் சொல்லில் கடைசியில் ஓர் எழுத்து இருக்கும், ஒலிக்காது. வெறும் 'கு' என்றுதான் வரும். மாலை வணக்கத்தின் கடைசி எழுத்தும் இப்படியே. கேள்விச் சொற்கள் பலவற்றின் முதலெழுத்து ஹகரம், அதுவும் ஊமை. ஆகவே கண்ணால் படிப்பதற்கு முன் காதால் கேளுங்கள்.

நமக்கு இரண்டு வசதிகள் உண்டு. குறில் நெடில் வேறுபாடு நம் வாயில் ஊறியது. நார்வே மொழியில் அது உயிர்நாடி. 'தக்' என்றால் நன்றி. அதையே, அதே தமிழ்த் தகரத்தோடு, நீட்டி 'தாக்' என்றால் கூரை. இரண்டாவது வசதி, நாவை மடித்து ஒலிக்கும் ட, ண. கிழக்கு நார்வேயில் ரகரத்தை அடுத்து வரும் தகரமும் நகரமும் இப்படித்தான் மாறுகின்றன. 'எப்படி' என்பதற்கான சொல் நம் காதில் 'வுடன்' என்றே விழும். காலை வணக்கம் 'கு மோண்'. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் வகுப்பில் இதற்காகத் திணறும்போது நீங்கள் முதல் நாளிலேயே சொல்லிவிடுவீர்கள்.

நமக்குச் சிக்கல் உதட்டைக் குவிக்கும் உயிரொலிகளில். 'ஈ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் குவித்தால் ஒன்று கிடைக்கும். 'ஏ' என்று சொல்லிக்கொண்டே குவித்தால் இன்னொன்று. கண்ணாடி முன் பழகுங்கள். முதல் ஒலியை 'யு' என்று குறித்திருக்கிறேன். தமிழ் எழுத்துக்கு அதற்குமேல் எட்டாது.

2. முதல் வாரத்துக்கு நான்கு சொற்கள்

ஹெய். வணக்கம். காலை, மாலை, கடைக்காரர், மேலாளர், குழந்தை, முதியவர் எல்லோருக்கும் இது ஒன்றே போதும். வேறு எதுவும் நினைவுக்கு வராவிட்டால் இதைச் சொல்லுங்கள். யாரும் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஹா தெ. விடைபெறும் சொல். கொஞ்சம் நிறைவாகச் சொல்ல 'ஹா தெ ப்ரா'. மறுபடி பார்க்கப்போகிறவர் என்றால் 'வி சேஸ்'. தொலைபேசியில் பேசிக்கொள்வோம் என்றால் 'வி ஸ்னக்கெஸ்'.

தக். நன்றி. 'தூசன் தக்' என்றால் ஆயிரம் நன்றி. இதற்கு ஆறாம் படியில் தனியாக வருகிறேன்.

உன்ஷ்யுல். கூட்டத்தில் வழிகேட்கவும், யாரையாவது நிறுத்தி ஒன்று கேட்கவும், தோளில் இடித்துவிட்டால் சொல்லவும். உண்மையான வருத்தம் தெரிவிக்க 'பெக்லாகர்'.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு மனத்தடை உண்டு. சார், மேடம், அண்ணா, அக்கா எதுவும் கிடையாது. எல்லோரும் 'தூ'. மரியாதைக்கென்று இருந்த பன்மை வடிவம் பேச்சில் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. பேராசிரியரானாலும் மருத்துவரானாலும் முதற்பெயரைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். அறுபது வயது மேலாளரைப் பெயர்சொல்லி அழைக்க முதலில் வாய் கூசும். கூசினாலும் சொல்லுங்கள், 'சார்' சேர்த்தால் அவர்தான் சங்கடப்படுவார்.

3. நலம் விசாரிப்பதும் பதில் சொல்வதும்

'வுடன் கோர் தெ?' எப்படிப் போகிறது? விரைவாகப் பேசும்போது கடைசி இரண்டு சொற்களும் ஒட்டி 'கோடெ' போலக் கேட்கும். பதில்: 'பாரெ ப்ரா, தக்.' உடனே திருப்பிக் கேளுங்கள்: 'வா மெ தை?' இந்த மூன்று வரிகளையும் ஒரே மூச்சில் வரும்வரை பழகுங்கள்.

'வுடன் ஹார் தூ தெ?' என்று கேட்டால் அதில் இன்னும் கொஞ்சம் அக்கறை இருக்கிறது. நண்பர்களும் நெருங்கிய சக ஊழியர்களும் கேட்பது. இதற்கு ஒன்றிரண்டு வாக்கியம் பதில் சொல்லலாம்.

பொறிகள் இரண்டு. முன்பின் தெரியாதவரிடம், குறிப்பாகக் கல்லாவில் இருப்பவரிடம், நலம் விசாரிக்காதீர்கள். அங்கே 'ஹெய்' மட்டும் போதும். அடுத்தது, 'சாப்பிட்டீர்களா?' என்ற நம் அன்பான கேள்வியை நார்வே மொழியில் பெயர்த்துக் கேட்டால், சாப்பிட அழைக்கிறீர்கள் என்று நினைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். 'எங்கே கிளம்பிவிட்டீர்கள்?' என்பதும் வேண்டாம். வேவு பார்ப்பதாகத் தோன்றும்.

4. கடிகாரமும் நாட்காட்டியும்

கு மோண்: காலை பத்து மணி வாக்கில் நிறுத்திவிடுங்கள். ஆனால் ஓஸ்லோப் பக்கத்தில் வெறும் 'மோண்' என்று மதியத்துக்குப் பிறகும் சிலர் சொல்வார்கள். அது பொதுவான வணக்கம். 'மோணா' என்று நீண்டால் விடைபெறுகிறார். இதில் குழம்பி, கிளம்புகிறவரிடம் போய்ப் பேச்சைத் தொடங்காதீர்கள்.

கு தாக்: பாடநூல்கள் முதலில் இதைத்தான் கற்றுத்தருகின்றன. நடைமுறையில் கொஞ்சம் விறைப்பானது. முதியவர்களிடமும் சம்பிரதாயக் கூட்டங்களிலும் கேட்கலாம்.

கு க்வெல்: மாலை வந்ததும். கு நத்: தூங்கப்போகும்போது மட்டும். இரவு எட்டு மணிக்குக் கடையிலிருந்து வெளியே வரும்போது 'கு நத்' சொல்வது பொருந்தாது. 'ஹா தெ' சொல்லுங்கள்.

கு ஹெல்க்: நல்ல வார இறுதி. வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து மொத்த நாடும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும். அலுவலகத்தில் வெள்ளியன்று இதைச் சொல்லாமல் நழுவுகிறவர் மனக்குறையோடு போகிறார் என்றே எண்ணத் தோன்றும். பதில்: 'தக், ஈ லீக்கெ மோத்தெ.' உங்களுக்கும் அப்படியே என்று பொருள். எந்த வாழ்த்துக்கும் பதிலாக வருவதால் இதை இன்றே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

பண்டிகை வாழ்த்துகளைப் பண்டிகைக்கு முன்னால், கடைசியாகப் பார்க்கும் நாளில் சொல்லிவிட வேண்டும். டிசம்பரில் 'கு யூல்'. ஈஸ்டர் விடுமுறைக்கு முன் 'கு போஸ்கெ'. ஜூனில் விடுப்பில் போகிறவரிடம் 'கு சொம்மர்'. மே 17 அரசியலமைப்பு நாள். அன்று தெருவில் யாரைப் பார்த்தாலும் 'க்ராத்துலேரர் மெ தாகன்'. பிறந்தநாளுக்கும் இதே வாழ்த்துதான். உடல்நலம் சரியில்லாதவருக்கு 'கு பேத்ரிங்'. துக்க வீட்டில் 'கொன்தொலேரர்'. அதற்குமேல் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை.

5. கடையில் முழு உரையாடல்

கடைக் கல்லாதான் இலவசமான முதல் வகுப்பறை. அங்கே தினமும் ஒரே நாடகம் நடக்கிறது, வசனம் மாறாது.

அவர்: ஹெய்.
நீங்கள்: ஹெய்.
அவர்: பூசெ? பை வேண்டுமா என்று கேட்கிறார்.
நீங்கள்: நெய் தக். அல்லது: யா தக்.
அவர்: வில் தூ ஹா க்வித்தேரிங்? ரசீது வேண்டுமா?
நீங்கள்: நெய் தக்.
அவர்: ஹா என் ஃபீன் தாக்.
நீங்கள்: தக், ஈ லீக்கெ மோத்தெ.

இடையில் உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று 'எர் தூ மேத்லெம்?' என்றும் கேட்கலாம். இரண்டு கேள்விகளையும் ஒன்றாகச் சேர்த்து வேகமாகக் கேட்பார்கள். முதலில் புரியாது. ரசீது என்ற சொல்லையும் பை என்ற சொல்லையும் மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

வெறும் 'தக்' சொல்லி நிறுத்தாதீர்கள். வேண்டும் என்கிறீர்களா வேண்டாம் என்கிறீர்களா என்று அவருக்குத் தெரியாது. 'யா தக்', 'நெய் தக்' என்று முழுதாகச் சொல்லுங்கள். நம்முடைய பக்கவாட்டுத் தலையசைப்பை இந்த ஊருக்கு எடுத்துவராதீர்கள். அதை 'இல்லை' என்றே படிப்பார்கள்.

காபிக் கடையில் 'தயவுசெய்து' என்பதற்கு ஈடான சொல்லைத் தேடி அலையவேண்டாம். 'கன் யை ஃபோ என் கஃபெ, தக்?' என்பதிலேயே பணிவு முழுதும் இருக்கிறது. கோப்பையை நீட்டும்போது அவர் 'வேஷொ கூ' என்பார்: எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே, யாராவது வீட்டுக்கு அழைத்துக் காபி வேண்டுமா என்று கேட்டால், வேண்டுமென்றால் முதல் முறையே 'யா தக்' சொல்லிவிடுங்கள். 'பரவாயில்லை, வேண்டாம்' என்று மரியாதைக்கு மறுத்து, இரண்டாவது தடவை வற்புறுத்துவார்கள் என்று காத்திருந்தால் மாலை முழுக்கத் தொண்டை வறண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் மக்கள்.

6. நன்றிகளின் பட்டியல்

இந்த நாட்டில் 'ஹெய்' மறந்தாலும் மன்னித்துவிடுவார்கள், 'தக்' மறந்தால் மாட்டார்கள் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் தனித்தனி நன்றி இருக்கிறது.

தக் ஃபொர் மாத்தன். சாப்பாட்டுக்கு நன்றி. மேசையை விட்டு எழும்போது சமைத்தவரைப் பார்த்துச் சொல்வது. குழந்தைகளைச் சிறு வயதிலேயே இதற்குப் பழக்கிவிடுகிறார்கள். வீட்டில் தினமும் சமைக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உண்டு. பதில்: 'வெல் பெகொம்மெ.' நம் வீடுகளில் இல்லாத வழக்கம் இது. இங்கே வந்தபின் எங்கள் வீட்டில் நுழைந்து தங்கிவிட்டது.

தக் ஃபொர் சிஸ்த். சென்ற முறை சந்தித்ததற்கு நன்றி. வேகமாகச் சொல்லும்போது நடுவில் ஷகரம் புகுந்து 'ஃபொஷிஸ்த்' என்றாகும். ஒருவர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தீர்கள். இரண்டு வாரம் கழித்து அவரை வழியில் பார்க்கிறீர்கள். 'ஹெய்' சொன்ன கையோடு இதைச் சொல்ல வேண்டும். மறுநாள் குறுஞ்செய்தியாகவும் அனுப்பலாம். பதிலும் அதே 'தக் ஃபொர் சிஸ்த்' அல்லது 'ஈ லீக்கெ மோத்தெ'. சேர்ந்து பொழுதுபோக்கிய சந்திப்புக்குத்தான் இது. தினமும் பார்க்கும் சக ஊழியரிடம் காலையில் சொல்லவேண்டியதில்லை.

தக் ஃபொரி தாக். இன்றைய நாளுக்கு நன்றி. வகுப்போ வேலையோ கூட்டமோ முடிந்து கிளம்பும்போது.

தக் ஃபொர் மை. விருந்திலிருந்து கிளம்பும்போது, எனக்குச் செய்ததற்கெல்லாம் நன்றி என்ற பொருளில்.

தக் ஃபொர் தூரன். பயணத்துக்கு நன்றி. ஓட்டுநர் பக்கக் கதவு வழியாக இறங்கினால் பஸ் ஓட்டுநரிடம் சொல்லலாம். மலையேறித் திரும்பியபின் உடன்வந்தவர்களிடம் கட்டாயம்.

தக் ஃபொர் யெல்பன். உதவிக்கு நன்றி. இதற்குப் பதிலாக 'பாரெ ஹ்யுகெலி' என்பார்கள். நீங்களும் பிறருக்கு அப்படியே சொல்லுங்கள்.

7. அறிமுகமாகும்போது

முதல் சந்திப்பில் கைகுலுக்கிக் கண்ணைப் பார்த்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள். 'ஹெய், யை ஹேத்தர்...' என்று முழு வாக்கியமும் சொல்லலாம். பெயரை மட்டும் சொன்னாலும் சரி. எதிரில் இருப்பவரும் தன் பெயரைச் சொல்லி 'ஹ்யுகெலி' என்பார். அறையில் ஏழு பேர் இருந்தால் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகொடுப்பது வழக்கம். பெண்கள், ஆண்கள், பிள்ளைகள் என்ற பாகுபாடு கிடையாது. நெருக்கமானபின் லேசாகத் தழுவிக்கொள்வார்கள். கன்னத்தில் முத்தம் இந்த ஊர் வழக்கமல்ல.

பெயர் விஷயத்தில் நமக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. கடவுச்சீட்டில் முதற்பெயர்க் கட்டத்தில் எது இருக்கிறதோ அதைச் சொல்லித்தான் மருத்துவர் அறை வாசலில் உங்களைக் கூப்பிடுவார்கள். தந்தை பெயர் அந்தக் கட்டத்தில் புகுந்திருந்தால், அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் முறை போய்விடும். இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே கடவுச்சீட்டில் இரண்டு கட்டங்களும் சரியாக நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நீண்ட பெயர் என்றால் சுருக்கம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு, 'தூ கன் கல்லெ மை...' என்று சொல்லிவிடுங்கள்.

8. எங்கே பேசாமல் இருப்பது

டிராமில் பக்கத்து இருக்கைக்காரரிடம் யாரும் 'ஹெய்' சொல்வதில்லை. நகரத் தெருவில் எதிரே வருபவர் உங்களைப் பார்க்காததுபோல் போனால் அது வெறுப்பல்ல. தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் இங்கே நாகரிகம்.

அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாதையில் எதிரே வந்தால், முன்பின் தெரியாத உங்களுக்கு வாய்நிறைய 'ஹெய்' சொல்வார். ஓஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டில், பனிச்சறுக்குத் தடத்தில், மலையில் எல்லாம் இப்படித்தான். பதில் சொல்லாமல் கடந்தால்தான் விசித்திரம். கூச்சமுள்ளவர்கள் பயில்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு நடையில் பல 'ஹெய்' கிடைக்கும். அடுத்த கேள்வி வருவதற்குள் அவர் போய்விடுவார்.

9. ஆங்கிலத்துக்குத் தாவாமல் தடுப்பது

உங்கள் உச்சரிப்பு சற்றுத் தடுமாறினாலே எதிரில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். பல ஆண்டு இங்கே வாழ்ந்தும் பேச வராதவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். மூன்று வாக்கியங்களைக் கேடயமாக வைத்துக்கொள்ளுங்கள். 'யை லேரர் நொஷ்க்': நான் நார்வே மொழி கற்கிறேன். 'கன் தூ ஸ்னக்கெ லித் சக்தெரெ?': கொஞ்சம் மெதுவாகப் பேசுவீர்களா? 'கன் வி தா தெ போ நொஷ்க்?': இதை நார்வே மொழியிலேயே பேசுவோமா?

ஊர் மாறினால் சொல்லும் மாறும். ட்ரோன்ட்ஹெய்மில் 'எப்படி' என்பது 'கொஷன்'; 'நான்' என்பது 'ஏ'. பெர்கனிலும் ஸ்டவாங்கரிலும் ரகரம் தொண்டையிலிருந்து வரும். நான் மேலே பெருமையாகச் சொன்ன நாமடி ஒலிகள் அங்கே இல்லை. வடக்கே 'யா' என்பதை மூச்சை உள்ளிழுத்தபடி சொல்வார்கள். திடுக்கிட்டதுபோலக் கேட்கும், வெறும் 'ஆமாம்'தான். வட்டார வழக்கை நீங்கள் பேசவேண்டியதில்லை, கேட்டுப் புரிந்தால் போதும்.

10. தொலைபேசியும் மின்னஞ்சலும்

தொலைபேசியை எடுத்தால் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். மின்னஞ்சல் தொடக்கத்தில் 'ஹெய்' போட்டு முதற்பெயர். அரசு அலுவலகத்துக்கும் அதுவே. முடிவில் 'மே வென்லி ஹில்சன்', அன்பான வணக்கத்துடன் என்பதற்கு நிகர். மூன்றெழுத்தாகச் சுருக்கியும் எழுதுகிறார்கள். முதல் மடலில் முழுதாக எழுதுவது நல்லது.

11. எங்கே படிப்பது: ஆவணம், செலவு, காலம்

பணம் செலவழிக்கும் முன் இலவசமானவற்றைத் தீர்த்துவிடுங்கள். ட்ரோன்ட்ஹெய்மில் உள்ள என்டிஎன்யூ பல்கலைக்கழகம் தொடக்கநிலைப் பாடத்தை இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. கிளம்பும் முன் ஊரிலிருந்தே தொடங்கலாம். லெக்சின் என்ற இலவச இணைய அகராதியில் நார்வே–தமிழ் இருக்கிறது. இங்கே நெடுங்காலமாக வாழும் ஈழத்தமிழ்ச் சமூகத்தால் நமக்குக் கிடைத்த வசதி. 'க்ளார் தாலெ' எளிய நடையில் வரும் செய்தித்தாள், ஒலியோடு கேட்கலாம்.

பேச்சுப் பயிற்சிக்கு நூலகங்களில் நடக்கும் மொழிக் கஃபேக்களுக்குப் போங்கள். ஓஸ்லோவில் தெய்க்மன் நூலகக் கிளைகளில் நடக்கின்றன. கட்டணம் இல்லை. செஞ்சிலுவைச் சங்கமும் பல ஊர்களில் தன்னார்வலர்களைக் கொண்டு மொழிப் பயிற்சி நடத்துகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து 'வுடன் கோர் தெ' என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்பது எந்தச் செயலியிலும் கிடைக்காது.

கட்டண வகுப்பு என்றால் ஒரு நிலைக்குச் சில ஆயிரம் குரோனர் ஆகும். அகதிகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும், நார்வே குடிமக்களின் குடும்பத்தினராக வருபவர்களுக்கும் பொதுவாக உள்ளூராட்சி இலவசமாகக் கற்பிக்கிறது. வேலை அனுமதியில் வருபவர்கள் பெரும்பாலும் சொந்தச் செலவில்தான் படிக்க வேண்டும். ஆகவே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே மொழி வகுப்புச் செலவை நிறுவனம் ஏற்குமா என்று கேளுங்கள். பின்னால் கேட்பதைவிட அப்போது கேட்பது எளிது. உள்ளூராட்சியின் முதியோர் கல்வி அலுவலகத்துக்குப் போகும்போது அனுமதி வழங்கப்பட்ட முடிவுக் கடிதம், குடியிருப்பு அட்டை, கடவுச்சீட்டு, பதினொரு இலக்க அடையாள எண் நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். முடிவுக் கடிதத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் அதிகம். அதில் எழுதியிருப்பதை வைத்துத்தான் உங்களுக்கு என்ன உரிமை என்று பார்ப்பார்கள்.

குடியுரிமை எண்ணம் இருப்பவர்களுக்கு: 2022 அக்டோபர் 1 முதல் பேச்சுத் தேர்வில் பி1 என்ற இடைநிலைத் தரம் வேண்டும், அதற்கு முன் அதற்கு ஒரு படி கீழான ஏ2 போதுமானதாக இருந்தது. பேச்சுத் தேர்வில் இன்னொரு தேர்வரோடு ஜோடியாக உட்கார்ந்து உரையாட வேண்டும். அங்கே முகமனும் நலம் விசாரிப்பும் தயங்காமல் வந்தால் மீதிப் பேச்சுக்கு மூச்சு கிடைக்கும். பதிவு குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே திறந்திருக்கும். பெரிய நகரங்களில் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஓஸ்லோவில் இடம் இல்லையென்றால் பக்கத்து ஊர்களைப் பாருங்கள். தேர்வு நாளுக்கு முன்பாகக் கடவுச்சீட்டு காலாவதியாகிறதா என்று பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள். தூதரகத்தில் புதுப்பிக்க வாரக்கணக்கில் ஆகலாம், அடையாளச் சான்று இல்லாதவரைத் தேர்வறைக்குள் விடமாட்டார்கள்.